முன்கூட்டியே தீர்மானியுங்கள்: அன்றாட நெருக்கடியில் ஆண்டவரை விடாமல் இருக்க

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுகிறார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். குளச்சலில் வள்ளம் தள்ளுகிறவருக்கும் அதே நேரம்தான். நாகர்கோவிலில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஆறு மணிக்கு மேல் அடுப்படியில் நிற்க இடம் இருக்காது. "தினமும் அதிகாலையில் ஒரு மணி நேரம் ஜெபியுங்கள்" என்று கன்வென்ஷனில் கேட்டுவிட்டு வருகிறவர்கள் ஒரே வாரத்தில் அதைக் கைவிட்டுவிட்டு, தங்களுக்குப் பக்தி போதாது என்று நொந்துகொள்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் அவர்கள் வீட்டுக் கடிகாரத்தில் இல்லவே இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

தானியேல் முதலாம் அதிகாரம் எட்டாம் வசனத்தைக் கவனித்துப் படியுங்கள். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்று தானியேல் முதலில் மனதில் தீர்மானித்துவிட்டான். அதற்குப் பிறகுதான் பிரதானியிடம் போய்ப் பேசுகிறான். பேசும்போதும் சண்டையிடவில்லை. பிறகு விசாரணைக்காரனிடமும், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று மரியாதையாகக் கேட்கிறான். தட்டு முன்னால் வந்த பிறகு யோசிக்கத் தொடங்குகிறவன் பெரும்பாலும் சாப்பிட்டுவிடுவான். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒன்றைத்தான் பற்றியது: எந்த இடத்தில் வழுக்கும் என்று முன்பே தெரிந்துகொண்டு, அங்கே கால் வைக்குமுன் முடிவெடுத்து வைப்பது.

நம் குமரி மாவட்ட மண்ணிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1712ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை, துன்பத்தில் தளர்ந்திருந்தபோது திருவிதாங்கூர்ப் படைத் தளபதி டிலனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டவர். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். கைதானது 1749ல். காற்றாடிமலையில் சுடப்பட்டது 1752 ஜனவரி 14ல். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனதைத்தான் எல்லாரும் சொல்லுவோம். 1745க்கும் 1749க்கும் இடையே உள்ள நாலு வருஷத்தை யோசித்துப் பாருங்கள். அவர் குருவானவரோ துறவியோ அல்லர், மனைவியோடு குடும்பம் நடத்திய மனிதர். அந்தச் சாதாரண நாள்களில் ஊறிய உறுதிதான் சிறையில் நின்றது.

நேரமும் இடமும்

முதல் வாரம் நீளத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். பத்து நிமிடம் போதும். ஆனால் அதை ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டுங்கள். "காலையில்" என்று வைத்தால் நிற்காது. "பால்காரர் வந்துபோனதும்", "பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும்" என்று வைத்தால் நிற்கும். ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு இயல்பாகவே ஒரு நேரம் அமைந்திருக்கிறது: கடைசி மரத்தையும் வெட்டி முடித்து, சிரட்டையில் பால் நிறைந்து எடுக்கப் போகும்வரை காத்திருக்கும் நேரம். அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் போனில்தான் போகிறது. ஒரு புதிய ஏற்பாட்டைப் பாலித்தீன் உறையில் போட்டு டிபன் பையிலேயே வைத்துவிடுங்கள். மழை நாளில் வெட்டு கிடையாது, அன்று வாசிப்பும் நின்றுபோகும். அதனால் மழை நாளுக்கு வீட்டில் ஒரு நேரத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

இடம் ஒன்றே இருக்கட்டும். திண்ணையோ, மாடிப்படியோ, மச்சுக்குப் போகிற மூலையோ, எதுவானாலும் சரி. கட்டிலில் படுத்துக்கொண்டு ஜெபித்தால் தூக்கம் வரும். அதில் பாவம் ஒன்றும் இல்லை, ஆனால் ஜெபமும் நடக்காது. போனை இரவே அடுப்படியில் சார்ஜில் போட்டுவிட்டு, எழும்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் வேதாகமம் வாசிப்பதில் தவறில்லை. ஆனால் சங்கீதம் திறந்திருக்கும்போதே வாட்ஸ்அப் மேலே வந்து நிற்கும். காலையில் மட்டுமாவது அச்சுப் புத்தகம் நல்லது. எழுத்து சிறியதாக இருக்கிறது என்று வாசிப்பை நிறுத்திய பெரியவர்கள் பலர் உண்டு. பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மதியத்துக்கும் ஒரு சின்ன நிறுத்தம் வையுங்கள். தானியேல் மூன்று வேளை ஜெபித்தான். தாவீதும் அந்தி சந்தி மத்தியானம் என்று சொல்கிறான். நமக்கு மத்தியான வேளை சாப்பாட்டுக்கு முன்னே ஒரு நிமிடமாக இருந்தாலும் போதும். கோபம், எரிச்சல், பொய் எல்லாம் வருவது பெரும்பாலும் பகல் பதினொன்றுக்கும் நாலுக்கும் இடையில்தான். காலை ஜெபத்தின் ஈரம் அதற்குள் காய்ந்துவிடுகிறது.

வாசிப்புக் கணக்கு

புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வாரம் 23. 52 வாரத்தில் 1,196 வந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் ஆதியாகமத்தில் 50 அதிகாரம், யாத்திராகமத்தில் 40. ஜனவரி முதல் நாள் தொடங்கினவருக்கு மாதக் கடைசியில் லேவியராகமம் வந்து நிற்கும். பெரும்பாலோர் அங்கேதான் நின்றுபோகிறார்கள். முதல் தடவை முயல்கிறவர்களுக்குப் புதிய ஏற்பாடு மட்டும் போதும் என்பது எங்கள் திடமான கருத்து. 260 அதிகாரம்தான். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று, 52 வாரத்தில் சரியாக முடியும். சனியும் ஞாயிறும் விட்டுப்போனதை ஈடுகட்ட.

விசைப்படகில் போகிறவர்களுக்கு மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். நாளுக்கு இரண்டு அதிகாரம் வாசித்தால் 122. நாலு சுவிசேஷங்களும் (89) அப்போஸ்தலர் நடபடிகளும் (28) சேர்ந்து 117. வலை பின்னுகிற நாள்களில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டாலும் நடக்கும்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக வாசிக்காதீர்கள். நாளுக்கு மூன்று வாசிக்கிறவர் நாலு நாள் விட்டால் பன்னிரண்டு அதிகாரம் பாக்கி, அந்தப் பாக்கியைப் பார்த்தே புத்தகத்தை மூடிவிடுவோம். அன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள், விட்டதற்கு அடையாளத் தாள் வைத்துவிட்டுப் பிறகு பாருங்கள். வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த ஒரு வசனத்தை வாசலில் ஒட்டிவிட்டு, அது எந்த அதிகாரத்தில் யாரிடம் சொல்லப்பட்டது என்று ஒரு தடவைகூடப் பார்க்காமல் வருஷம் போய்விடுகிறது. அட்டை கிடைத்த இரவே அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

குடும்ப ஜெபம்

பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு பாட்டில் இரண்டு சரணம், பதினைந்து வசனத்துக்கு மிகாத வாசிப்பு, ஒவ்வொருவரும் ஒரே ஒரு நன்றி, ஒருவர் ஜெபம், பரமண்டல ஜெபம். வாசிப்பவர் தினம் மாறட்டும். கத்தோலிக்கக் குடும்பங்களில் முழு ஜெபமாலைக்குச் சின்னப் பிள்ளைகள் தாங்கவில்லையென்றால் மாலையின் மணிகளில் ஒரு பத்து மட்டும் சொல்லி நிறுத்துங்கள். பிள்ளைகள் வளர வளரக் கூட்டிக்கொள்ளலாம்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான். "ஆண்டவரே, இவனுக்குப் படிக்கப் புத்தியைக் கொடும், போனைத் தூக்கிப் போடுகிற மனசைக் கொடும்" என்று ஜெபத்துக்குள் மகனைத் திட்டுகிறோம். அது மகனுக்குத் தெரியும். பதினாறு வயதில் அவன் ஜெப நேரத்தில் குளிக்கப் போய்விடுவான். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடம் தனியாகச் சொல்லுங்கள். ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லி நன்றி மட்டும் சொல்லுங்கள். கணவன் மனைவிக்குள் அன்று சண்டையென்றால் ஜெபத்தை ரத்து செய்ய வேண்டாம். பாட்டையும் வாசிப்பையும் விட்டுவிட்டு, பரமண்டல ஜெபம் மட்டும் சேர்ந்து சொல்லுங்கள். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்கிற வரி தன் வேலையைச் செய்யும்.

சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுகிற பழைய வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆண்டவருக்கு என்று தினமும் நினைத்து எடுக்கிற அந்த ஒரு பிடி, ஒரு நாளைக்கு ஒரு ஜெபம்.

சீதனம், குடி, லாட்டரி, கையூட்டு

விசுவாசம் நம் ஊரில் அதிகமாகச் சறுக்குகிற இடம் கல்யாணப் பேச்சு என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். வருஷம் முழுவதும் சபையில் முன்வரிசையில் இருந்தவர்கள் பவுன் கணக்கு பேசும்போது வேறு ஆளாகிவிடுகிறார்கள். 1961 முதல் சட்டம் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். பெண்ணைப் பெற்றவர் நிலத்தை விற்றுவிட்டு ஆராதனையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார் என்பது அதைவிடப் பெரியது.

மகனுக்கு இருபத்தைந்து வயது ஆகும்போதே, தரகரிடம் ஜாதகமோ போட்டோவோ போகுமுன், கணவனும் மனைவியும் மகனும் உட்கார்ந்து முடிவெடுங்கள். மூவரில் ஒருவர் அரைமனதாக இருந்தால் பேச்சு சமயத்தில் அவர் வாயிலிருந்துதான் நழுவும். முடிவைத் தரகரிடம் முதல் போன் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சொல்லலாம் என்று வைத்தால் நடுவில் ஒரு தாய்மாமா வந்து தொகை பேசிவிடுவார். முக்கியமாக இந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள்: "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், ஒங்க மகளுக்கு நீங்க செய்யதைச் செய்யுங்க." கேட்கிற காதுக்கு அது வரதட்சணைக் கோரிக்கைதான். "பவுன், பணம், கார் எதுவும் வாங்கமாட்டோம். கல்யாணச் செலவில் பாதி நாங்க ஏற்கிறோம்" என்று எண்ணிச் சொல்லுங்கள். சொந்தக்காரர் கேலிக்கு ஒரு பதில் முன்பே தயாராக இருக்கட்டும்: "நாங்க மூணுபேரும் ஜெபிச்சு முடிவு பண்ணியாச்சு மாமா." அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விளக்கம் கூடக்கூட விவாதம் கூடும்.

குடி வருவது இரண்டு இடத்தில்: கல்யாணத்துக்கு முந்தின இரவு, படகில் மீன் விற்ற பணத்தைப் பங்கு பிரிக்கிற நாள். கையில் பணம் வந்து, நண்பர்கள் கூடி, வீட்டுக்குப் போக இன்னும் நேரம் இருக்கிற அந்த மூன்றும் சேரக் கூடாது. பங்குப் பணத்தில் வழிச்செலவு போக மீதி அன்றே மனைவி கணக்குக்குப் போகட்டும், பணம் கைக்கு வருமுன் இதை முதலாளியிடமே சொல்லி வைக்கலாம். குடியை விட முயல்கிறவருக்குக் கை நடுக்கம், தூக்கமின்மை, குழப்பம் வந்தால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரும். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

தமிழ்நாட்டில் லாட்டரி 2003ல் தடை செய்யப்பட்டது. களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் அது அரசாங்கமே நடத்துவது. பாறசாலைக்குச் சாமான் வாங்கப் போகிறவர் ஒரு டிக்கெட்டோடு திரும்புவது சின்ன விஷயமாகத் தெரியும். பிரச்சினை டிக்கெட் விலையில் இல்லை. "ஆண்டவர் இதில் ஒரு வழி திறப்பார்" என்று ஜெபம் அந்தச் சீட்டின் பக்கம் திரும்பிவிடுவதில்தான். கடன் நெருக்கும்போது இந்த இழுப்பு கூடும். ஆகவே கடன் இருக்கிறவர்கள் முதலில் எல்லாக் கடனையும், கந்துவட்டி உட்பட, ஒரே தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடமாவது காட்டுங்கள். மறைத்து வைத்த கடன்தான் லாட்டரிக் கடைக்குக் கூட்டிப்போகிறது.

கையூட்டு பற்றி ஒன்றே சொல்ல வேண்டும்: அது அவசரத்தில் பிறக்கிறது. கல்லூரிச் சேர்க்கைக்கு நாளை கடைசி நாள் என்கிறபோது வருமானச் சான்றுக்கு அலைந்தால் கை பைக்குள் போகும். மார்ச்சிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டின் எண்ணைக் குறித்து வைத்தால் மறுக்கத் தைரியம் வரும்.

நோய் வந்த இரவில்

மருத்துவர் சொன்னது பிடிபடாமல், பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் இருக்கிற இரவில்தான் யாராவது "செய்வினையாக இருக்கும்" என்பார்கள். ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களே இருட்டினபின் மந்திரவாதியைத் தேடிப் போவது இப்படித்தான். அந்த இரவுக்கான ஏற்பாட்டைப் பகலிலேயே செய்யுங்கள். எந்த மருத்துவமனை, யார் வண்டி, ஜெபிக்க யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். தனியாகப் பயப்படுகிற மனம்தான் குறி கேட்கப் போகும். அதேபோல, மாத்திரையை நிறுத்தச் சொல்லியோ, தரிசனம் சொல்லிப் பணம் கேட்டோ வருகிற ஊழியக்காரர்களையும் வீட்டுக்குள் விடாதீர்கள். வேதத்தைக் கையில் வைத்திருப்பதால் மட்டும் அவர் சொல்வது ஆண்டவருடைய வார்த்தை ஆகிவிடாது.

அக்கம்பக்கத்தாரோடு

கோயில் கொடைவிழாவுக்கு வரி கேட்டு வருகிறவர் பெரும்பாலும் உங்களோடு பள்ளியில் படித்தவர். கதவைச் சாத்தாதீர்கள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, "அண்ணாச்சி, பூசைக்குள்ளது எனக்கு மனசாட்சி இடங்கொடுக்காது, தப்பா நெனைக்காதீங்க. ஊர்க் குளம் தூர்வாரக் கூடினா நான் முதல் ஆளா வாறேன்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆனால் குளம் தூர்வாரும் நாளில் கட்டாயம் போக வேண்டும், இல்லையென்றால் அது வெறும் சாக்காகிவிடும். படைத்த உணவு பற்றி 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களை முன்பே வாசித்து வீட்டில் ஒரு முடிவுக்கு வாருங்கள். மற்றவர் வணங்குவதை இழிவாகப் பேசுவது விசுவாசத்தில் சேராது. 1982ல் மண்டைக்காட்டில் நடந்த இந்து, கிறிஸ்தவக் கலவரத்தில் பட்ட காயம் இந்த மாவட்டத்துக்குத் தெரியும்.

சபைக்குள்ளே வருகிற சோதனை

வெளியே இருந்து வருகிற எதிர்ப்பைவிடக் கமிட்டித் தேர்தல் அதிகம் பேரை ஆலயத்திலிருந்து வெளியேற்றியிருக்கிறது. அணி, பதவி, சாதி, கட்டிடக் கணக்கு என்று பேச்சு முற்றி, "இனி அந்த வாசல் மிதிக்கமாட்டேன்" என்று ஒரு வார்த்தை விழும். அந்த வார்த்தைக்காகவே பத்து வருஷம் போகாதவர்கள் உண்டு. தேர்தல் அறிவிப்பு வருமுன் இரண்டு முடிவு எடுங்கள். ஒன்று, யார் ஜெயித்தாலும் அடுத்த ஞாயிறு ஆராதனையில் இருப்பேன். இரண்டு, அணி வாட்ஸ்அப் குழுவில் சேரமாட்டேன். கணக்கில் தவறு இருந்தால் சபைக்கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். கேட்பது விசுவாசத்துக்கு விரோதமானது இல்லை. கேட்டுவிட்டு, அன்றே திருவிருந்துக்கும் போக முடிகிறதா என்று பாருங்கள்.

மயிலாடி வேதமாணிக்கம் 1799ல் தஞ்சாவூரில் விசுவாசத்துக்கு வந்தவர். மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடி வந்து சேர்ந்தது 1806ல். இடைப்பட்ட வருஷங்களில் போதகரும் இல்லை, ஆலயமும் இல்லை. சொந்தக்காரரில் சிலரைக் கூட்டி வாசித்து ஜெபித்துத்தான் அந்தச் சுடர் நின்றது. சபை கலங்கிக் கிடக்கிற நாள்களில் உங்கள் தெருவிலும் நாலு பேர் கூடலாம். கத்தோலிக்கரின் அன்பியக் கூட்டமோ வீட்டு ஜெபமோ, வாரம் ஒரு தடவை, நாற்பது நிமிடம். சபைப் பிரச்சினை பேசுவதில்லை என்ற ஒரே விதி போதும். காப்பியோடு முறுக்கு வரத் தொடங்கினால் கூட்டம் நடத்துகிற வீட்டுக்காரிக்குப் பாரமாகும். காப்பியோடு நிறுத்துங்கள்.

கடலிலும் வளைகுடாவிலும்

தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் வெளியே இருக்கும், கரை மறைந்தால் போனில் சிக்னல் கிடையாது. ஒலி வேதாகமத்தைக் கரையிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் மெல்லிய தாள் ஊறிக் கிழியும், அதனால் புத்தகத்துக்கு ஜிப் உறை வேண்டும். கடலில் இருந்தாலும் ஞாயிறு காலை தளத்தில் ஒரு பாட்டும் ஒரு சங்கீதமும் தவறாமல் இருக்கட்டும்.

வெள்ளி விடுமுறை உள்ள வளைகுடா நாடுகளில் ஆராதனையும் பெரும்பாலும் வெள்ளிதான். அதை ஓய்வு நாளாக மனதில் ஏற்றுக்கொள்ளுங்கள், ஞாயிறு வேலைக்குப் போகிறோமே என்று குற்ற உணர்வு வேண்டாம். வீட்டோடு சேர்ந்து ஜெபிக்க, இங்கே இரவு 8:30 என்றால் துபாயில் 7:00, சவுதியிலும் கத்தாரிலும் குவைத்திலும் 6:00. அறைத்தோழர்கள் இருக்கிற அறையில் சத்தமாக ஜெபிக்க முடியாது. ஹெட்செட் போட்டு வீட்டார் ஜெபத்தைக் கேட்டு ஆமென் சொன்னால் போதும்.

விழுந்துவிட்டால்

விழுவோம். நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எழுந்திருப்பான் என்பது நீதிமொழிகள் 24:16. விழுந்த அன்றே செய்ய வேண்டியவை உண்டு. செய்ததை அதன் பெயரால் சொல்லி ஆண்டவரிடம் அறிக்கையிடுங்கள். "தெரிந்தும் தெரியாமலும் செய்த" என்று மூடிவிடாதீர்கள். யாருக்காவது நஷ்டம் வந்திருந்தால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்க நாள் குறியுங்கள். கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போங்கள். மற்றவர்கள் ஒருவரிடமாவது சொல்லுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், வயதில் மூத்தவர், வாயடக்கம் உள்ளவர், சபையில் எந்த அணியிலும் இல்லாதவர். அப்படி ஒருவரை இப்போதே தேடி வையுங்கள். விழுந்த பிறகு தேடினால் வெட்கம் விடாது.

எல்லாச் சோர்வும் பாவத்தால் வருவதில்லை. கர்மேலில் அத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகு எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டான். தூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, திரும்பத் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். இரவு வேலை, கைக்குழந்தை, நோயாளிப் பராமரிப்பு என்று இருக்கிறவர்கள் ஜெபிக்க மனமில்லை என்று அழுவதற்கு முன் இரண்டு இரவு நன்றாகத் தூங்கிப் பாருங்கள். மாதக்கணக்கில் பாரம் குறையவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

பல மாதம் ஆலயத்துக்குப் போகாமல் இருந்து திரும்புகிறவருக்கு முதல் ஞாயிறுதான் கஷ்டம். ஆராதனை தொடங்கினபின் நுழைந்தால் எல்லாத் தலையும் திரும்பும். முதல் மணி அடிக்கும்போதே போய், பழைய இடத்திலேயே உட்காருங்கள். "எங்க காணவே இல்ல?" என்று வாசலில் கேட்பார்கள். "வந்துட்டேன் அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.